உடலில் வைரஸ், கையில் சில மணி நேரம்: அவசர உறுப்பு மாற்றுக்குச் சென்னைக் குடும்பங்களுக்கான முழு வழிகாட்டி

"மஞ்சள் காமாலைதானே சார், பத்தியம் இருந்தால் இறங்கிவிடும் என்றார்கள்." தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இந்தப் பேச்சை எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று கணக்கு வைத்ததில்லை. சொல்பவர் பெரும்பாலும் மூன்று இரவாகத் தூங்காத அண்ணனாகவோ மாமனாராகவோ இருப்பார். உள்ளே கிடப்பவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. பத்து நாள் முன்புவரை பைக்கில் அம்பத்தூருக்கு வேலைக்குப் போய்வந்த உடம்பு. இப்போது கல்லீரல் கைவிட்டுவிட்டது, ரத்தத்தில் வைரஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. "உறுப்பு மாற்று" என்ற சொல்லை மருத்துவர் அன்றுதான் முதன்முதலாகச் சொல்லியிருப்பார்.

நான் மருத்துவரல்ல. சென்னையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தவன். மருத்துவர், குடும்பம், கொடையாளர், ரத்த வங்கி, அரசுப் படிவங்கள் எல்லாவற்றுக்கும் நடுவே கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள். ஓடிய ஓட்டத்தில் ஒன்று புரிந்தது. "வைரஸ் இருக்கிறதே, எப்படிக் கத்தி வைப்பார்கள்?" என்று பயந்து நிற்கிற குடும்பமும் நாட்களை இழக்கிறது, "வைரஸ் போகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுகிற குடும்பமும் நாட்களை இழக்கிறது. எந்த வைரஸ், எந்த உறுப்பில், எவ்வளவு, எதிர்க்க மருந்து உண்டா, அந்த உறுப்பு எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கத் தெரிந்தவர்கள்தான் இருக்கிற மணி நேரத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அந்தக் கேள்விகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: காமாலை எப்போது ஆபத்தாகிறது என்று அறிவது

காமாலை வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். அதனால்தான் பத்தியத்துக்கும் கீழாநெல்லிக்கும் இவ்வளவு பெயர். கீழாநெல்லியை நான் இளக்காரமாகப் பேசமாட்டேன். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க், சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனோடு சேர்ந்து இந்தச் செடியை ஆராய்ந்தார். 1988-இல் லான்செட் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. ஆனால் பின்னால் நடந்த ஆய்வுகளில் அதே பலன் உறுதிப்படவில்லை. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த ஆய்வு உடம்பில் நெடுநாளாகத் தங்கிவிட்ட பி வைரஸைப் பற்றியது. திடீரென்று செயலிழக்கும் கல்லீரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

திடீர்ச் செயலிழப்பு என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இரண்டு அடையாளம் வேண்டும். ஐ.என்.ஆர். என்ற ரத்த உறைதல் அளவு 1.5 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். மூளை குழம்பத் தொடங்கியிருக்க வேண்டும். முதலாவது பரிசோதனைக் கூடத்தில் தெரியும். இரண்டாவதை முதலில் பார்ப்பது நீங்கள்தான். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, எரிந்து விழுவது, பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் தடுமாறுவது, இன்று என்ன கிழமை என்று கேட்டால் யோசிப்பது. "காய்ச்சலில் உளறுகிறான்" என்று விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். காமாலையோடு குழப்பமும் சேர்ந்துவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. மஞ்சளின் அளவைக் காட்டும் பில்ரூபின் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் வீண். அந்த எண் 20 ஆகியும் வீட்டுக்கு நடந்து போனவர்கள் உண்டு. அதைவிடக் குறைவாக இருந்தும் நினைவிழந்தவர்கள் உண்டு.

கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் முதல் நாளே பெரிய மருத்துவமனை. ஹெபடைடிஸ் ஈ, கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் பெண்களிடம் மிகக் கொடூரமாக நடந்துகொள்ளும்.

இரண்டாம் படி: இடம் மாற்றுவது, முன்கூட்டியே

கல்லீரல் மாற்று செய்யும் வசதி இல்லாத இடத்தில் இருந்தால், "இன்னும் கொஞ்சம் மோசமானால் அனுப்புகிறோம்" என்ற பேச்சை ஏற்காதீர்கள். மோசமான பிறகு அனுப்புவதுதான் கடினம். மூளை வீக்கம் ஏறியவரை வென்டிலேட்டர் இல்லாத ஆம்புலன்ஸில் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் கொண்டுவருவதைப் பார்த்திருக்கிறேன். மறக்க விரும்புகிற காட்சி அது. குழப்பம் தொடங்கிய அன்றே புறப்பட வேண்டும். ஆழ்ந்த மயக்கத்துக்குப் போய்விட்டவர் என்றால், புறப்படுமுன்பே மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தி, கூடவே பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவரோடு அனுப்பச் சொல்லுங்கள்.

அரசுத் தரப்பில் பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி மருத்துவமனையும் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் இருக்கின்றன. கிரீம்ஸ் சாலை, குரோம்பேட்டை, பெரும்பாக்கம், அமைந்தகரை என்று தனியார் மையங்கள் நகரைச் சுற்றி இருக்கின்றன. எங்கே போனாலும் முன்கூட்டியே தொலைபேசியில் ஒரே கேள்வி: "கல்லீரலுக்கென்று தனித் தீவிர சிகிச்சைப் பிரிவும் உறுப்பு மாற்று உரிமமும் உண்டா, இப்போது படுக்கை உண்டா?"

போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். கண் மஞ்சளான தேதி, குழப்பம் தொடங்கிய தேதி. இந்த இரண்டுக்கும் இடையிலான நாட்கள் வெறும் குறிப்பல்ல. யாருக்கு மாற்று தேவை என்று முடிவுசெய்யும் லண்டன் கிங்ஸ் கல்லூரி அளவுகோலில் அதுவும் ஒரு கணக்கு. பிறகு, எடுத்துக்கொண்ட எல்லா மருந்தும்: காய்ச்சலுக்குப் போட்ட பாராசிட்டமால் எத்தனை, நாட்டு மருந்து, உடற்பயிற்சிக் கூடத்தில் தந்த மாவு, காசநோய் மாத்திரை. கடைசியாக ஒரு கசப்பான கேள்வி. வீட்டில் எலி பேஸ்ட் டியூப் ஏதாவது பிழியப்பட்டுக் கிடக்கிறதா? மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்த விஷத்தால் கல்லீரல் கெட்டு வருகிறவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். வெட்கத்தால் மறைத்து "வைரஸ்" என்று சொல்லிவிட்டால் சிகிச்சையின் திசையே மாறிவிடும். போலீஸ் வருமே என்ற பயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: எந்த வைரஸ் என்று பிரித்தறிவது

இங்கேதான் நிதானம் வேண்டும். "வைரஸ் பாசிட்டிவ்" என்ற இரண்டு சொல்லில் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றின் குணமும் வேறு.

ஹெபடைடிஸ் ஏ, ஈ. தண்ணீரில் வருபவை. குழாயில் சாக்கடை கலந்தாலும் தெருவோரப் பானிபூரித் தண்ணீர் கெட்டாலும் இவைதான். இவற்றுக்குத் திடீர்ச் செயலிழப்பில் நம்பத்தகுந்த தனி மருந்து இல்லை. ஆனால் மாற்றுக்கு இவை தடையும் இல்லை. வைரஸ் குடியிருந்த வீடே வெளியேற்றப்படுகிறது. உடம்பின் எதிர்ப்பாற்றல் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. புதிய கல்லீரலில் ஏ வைரஸ் திரும்ப வருவது அபூர்வம். மாற்று இல்லாமலே தேறிவிடும் வாய்ப்பு மற்ற காரணங்களைவிட ஹெபடைடிஸ் ஏயில் அதிகம். அதனால் மருத்துவர்கள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐ.என்.ஆர். பார்த்தபடி தயங்கி நிற்பார்கள். அந்தத் தயக்கத்தை அலட்சியம் என்று நினைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள்.

ஹெபடைடிஸ் பி. இது வேறு ரகம். ரத்தத்தில் நிறைந்திருக்கும், புதிய கல்லீரலையும் பிடிக்கும். 1980-களில் பி வைரஸ்காரர்களுக்கு மாற்று செய்வதே வீண் என்று பல மையங்கள் கைவிட்டிருந்தன. இன்று நிலைமை தலைகீழ். என்டகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரையை, பரிசோதனை முடிவு வந்த மணியிலேயே தொடங்குகிறார்கள். பழைய கல்லீரலை எடுத்து, புதியது இன்னும் பொருத்தப்படாத இடைவேளையில் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருளை ஏற்றும் முறையும் உண்டு. மாத்திரை ஆயுள் முழுக்க. பி வைரஸால் திடீரென்று வீழ்கிறவர்களிடம் நான் பார்த்த பொதுக் கதை ஒன்று: நன்றாகத்தானே இருக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்தியவர்கள், அல்லது பி வைரஸ் இருப்பதே தெரியாமல் மூட்டுவலிக்கோ புற்றுநோய்க்கோ எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுத்தவர்கள்.

ஹெபடைடிஸ் சி. திடீர்ச் செயலிழப்பை இது தனியாக உண்டாக்குவது மிக அரிது. கல்லீரல் தழும்பேறிப்போகும் சிர்ரோசிஸ் முற்றி அவசர நிலைக்கு வருபவர்களிடம்தான் இருக்கும். முன்பு புதிய கல்லீரலையும் இது தவறாமல் தொற்றியது. 2013-க்குப் பிறகு சோஃபோஸ்புவிர் போன்ற மாத்திரைகள் வந்தன. 12 வாரச் சிகிச்சையில் நூறில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். ஆகவே நேரமிருந்தால் மாற்றுக்கு முன்பு, நேரமில்லையென்றால் மாற்றுக்குப் பின்பு. சி வைரஸ் இன்று காத்திருக்கக்கூடிய விருந்தாளி.

எச்.ஐ.வி. இந்தியாவில் முதன்முதலாக இது கண்டறியப்பட்டதே சென்னையில்தான், 1986-இல், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் முயற்சியில். இன்னும் சிலர் இதைக் கேட்டதும் கையை விரிக்கிறார்கள். 2017-இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. சட்டம் சிகிச்சை மறுப்பதைப் பாகுபாடு என்கிறது. மருத்துவ ரீதியாகப் பார்ப்பது இரண்டு எண்கள்: வைரஸ் அளவு அளக்க முடியாத அளவுக்கு அடங்கியிருக்க வேண்டும், எதிர்ப்பாற்றலைக் காட்டும் சிடி4 அணுக்கள் சிறுநீரகத்துக்குச் சுமார் 200, கல்லீரலுக்குச் சுமார் 100-க்கு மேல் இருக்க வேண்டும். எச்.ஐ.வி. மருந்து தரும் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இப்போது தரும் டோலுடெக்ராவிர் கலவை, உறுப்பு நிராகரிக்கப்படாமலிருக்கத் தரும் மருந்துகளோடு பெரிதாக மோதுவதில்லை என்பது பெரிய நிம்மதி. பழைய கலவைகளில் இருந்த ரிட்டோனாவிர் மோதும். அந்தக் கதை பின்னால்.

கொரோனா, இன்ஃப்ளுயென்சா. இவை நுரையீரலில் இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்து, வென்டிலேட்டரில் வைத்து, எதிர்ப்பாற்றலையும் குறைத்தால் நிமோனியா பெருகும். முடிந்தால் தள்ளிப்போடுவார்கள். ஆனால் மூக்கில் பாசிட்டிவ், மார்பு சுத்தம், கல்லீரலுக்கோ இரண்டு நாள் கெடு என்றால், தனிமை அறையில் வைத்துச் செய்துவிடும் துணிச்சல் 2020-க்குப் பிறகு வந்திருக்கிறது. நுரையீரலையே மாற்ற வேண்டியிருந்தால் கணக்கு வேறு. 2020 ஜூனில் அமெரிக்காவில் கொரோனா நோயாளி ஒருவருக்கு முதல் இரட்டை நுரையீரல் மாற்றைச் செய்த அங்கித் பரத், வேலூர் சி.எம்.சி.யில் படித்தவர். அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் சென்னையிலும் ஒருவருக்கு இரு நுரையீரல்களும் மாற்றப்பட்டன. அவர் ஒரு மாதத்துக்கும் மேல், நுரையீரலின் வேலையை வெளியிலிருந்து செய்யும் எக்மோ கருவியில் கிடந்தவர். அந்தக் காத்திருப்பு வீணல்ல. நுரையீரல் தானாகத் தேறுமா என்று பார்க்கவும், பெருகும் வைரஸ் அடங்கவும் அந்த வாரங்கள் தேவைப்படுகின்றன.

டெங்கு. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் இதைப் பற்றிக் கேட்காத நாளில்லை. ரத்தத்தில் இந்த வைரஸ் இருப்பது ஏறக்குறைய ஒரு வாரம். தட்டணுக்கள் குறைந்து, ரத்தக் குழாய்கள் கசிகிற நேரத்தில் பெரிய அறுவை சிகிச்சை என்பது தீயில் கால் வைப்பது. டெங்குவால் கெட்ட கல்லீரல் பெரும்பாலும் தானாகவே மீள்கிறது. இங்கே பொறுமைதான் சிகிச்சை.

ஹெர்பஸ். எளிதில் தவறவிடப்படுவது. கடும் காய்ச்சல், ரத்தத்தில் கல்லீரல் என்சைம்கள் ஆயிரக்கணக்கில், ஆனால் காமாலை அவ்வளவாக இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். ஏசைக்ளோவிர் ஊசியைப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் தொடங்குவது வழக்கம். "ஹெர்பஸ் சாத்தியத்தைப் பார்த்துவிட்டீர்களா?" என்று கேட்பதில் தவறில்லை.

நான்காம் படி: மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி

எல்லாவற்றையும் ஒரே கேள்வியாகச் சுருக்கலாம்: "இந்த உறுப்பு காத்திருக்குமா?" சிறுநீரகம் என்றால் டயாலிசிஸ் இருக்கிறது, மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால்தான் வைரஸ் தொற்று உள்ளவருக்குச் சிறுநீரக மாற்றை எவரும் அவசரப்பட்டுச் செய்வதில்லை. "தேதி கொடுத்துவிட்டுச் சளிக்காகத் தள்ளிவிட்டார்களே" என்று வருந்தும் குடும்பங்களிடம் இதைத்தான் சொல்வேன். இதயத்துக்குத் துணைப் பம்பு உண்டு, நுரையீரலுக்கு எக்மோ உண்டு. இரண்டும் வாரங்களை வாங்கித் தரும், விலை அதிகம். கல்லீரலுக்கு மட்டும் அப்படி நம்பி நிற்க ஒரு கருவி இல்லை. பிளாஸ்மா மாற்றும் சிகிச்சையும், மூளையைக் குழப்பும் அம்மோனியாவைக் குறைக்கும் தொடர் டயாலிசிஸும் சில நாட்களை வாங்கித் தருகின்றன. சிலருக்கு அந்தச் சில நாட்களே போதுமானதாகி, கல்லீரல் திரும்பிவிடுகிறது.

இதற்குப் பதில் கிடைத்த பிறகு, வைரஸ் அளவு நேற்றைவிட இன்று ஏறுகிறதா இறங்குகிறதா, மருந்து தொடங்கியாயிற்றா, மாற்றைத் தடுக்கும் வேறு தொற்று உண்டா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் குடும்பங்கள் கேட்பதே இல்லை. பலருக்கு வாசலை அடைப்பது வைரஸ் அல்ல. அதன் மேல் வந்து சேரும் பாக்டீரியா, பூஞ்சைத் தொற்று. ரத்தத்தில் கட்டுக்கடங்காத கிருமி, மீளாத மூளை வீக்கம் இவை வந்துவிட்டால் மாற்று கிடையாது. அப்போது "முடியாது" என்று நேர்மையாகச் சொல்கிற மருத்துவரைத் திட்டிவிட்டு, முடியும் என்று சொல்கிற இன்னொருவரைத் தேடி அலைவதில் பணம் போனதுதான் மிச்சமாகியிருக்கிறது, நான் பார்த்தவரை.

ஐந்தாம் படி: இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் உறுப்பு தேடுவது

ஒரு வழி, மூளைச்சாவு அடைந்தவரின் கொடை. 2008-இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்ததும், அந்த இதயம் சென்னைப் போக்குவரத்தைப் பிளந்துகொண்டு முகப்பேருக்குப் போனதும் பலருக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டுத் திட்டம் வேர்பிடித்த ஆண்டு அது. இப்போது டிரான்ஸ்டான் என்ற தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் பட்டியலை நடத்துகிறது. 2023 செப்டம்பர் முதல் கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது.

பட்டியலில் நீங்கள் நேரடியாகச் சேர முடியாது. உரிமம் பெற்ற மருத்துவமனை வழியாகத்தான். திடீர்ச் செயலிழப்புக்கு அவசர முன்னுரிமை உண்டு; சாதாரண வரிசையைத் தாண்டிப் பெயர் மேலே போகும். எம்.எல்.ஏ. சிபாரிசுக்கு அலைவதைவிட, உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் "அவசரப் பட்டியலுக்கான தாள்கள் போய்விட்டனவா, எத்தனை மணிக்குப் போயின?" என்று கேளுங்கள். விடுபட்ட ஒரு ரத்தப் பரிசோதனைக்காக ஒரு பெயர் அரை நாள் கிடந்ததை அறிவேன்.

ஆனால் பட்டியலை மட்டும் நம்பி உட்கார முடியாது. இன்னொரு வழி, உயிரோடு இருக்கும் உறவினர் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுப்பது. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டமும் 2011 திருத்தமும் நெருங்கிய உறவு என்று யாரைச் சொல்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்: கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி. அவ்வளவுதான். மருமகன், சித்தப்பா, தாய்மாமன், பெரியப்பா மகன் யாரும் அதில் இல்லை. இவர்கள் கொடுக்க வேண்டுமானால் அரசின் அங்கீகாரக் குழு விசாரித்து அனுமதிக்க வேண்டும். நம் ஊரில் தாய்மாமன்தான் முதலில் கையைத் தூக்குவார். அவர் அன்பைக் குறை சொல்லவில்லை, ஆனால் மணி நேரம் எண்ணும் சூழலில் அண்ணன் தம்பிகளை முதலில் பரிசோதிப்பதே விவேகம். ஆதார், குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு ஆகியவற்றின் அசலை ஊரிலிருந்து யாராவது ஒருவர் அன்றைக்கே பஸ் ஏறிக் கொண்டுவர வேண்டும். திருமணத்தைப் பதிவு செய்யாத தம்பதிகள் இங்கே தவித்துப்போகிறார்கள்.

கொடையாளர் பெண்ணாக இருந்தால் அவள் விருப்பத்தைத் தனியாகவும் கவனமாகவும் உறுதிசெய்ய வேண்டும் என்று விதிகளே சொல்கின்றன. தேவையான விதி. என் அனுபவத்தில் கொடுப்பவர்கள் பெரும்பாலும் மனைவியும் அம்மாவும்தான். "எனக்கு முழு மனசு" என்று மாமியார் முன்னால் சொன்னவர், தனியறையில் அழுததும் உண்டு. அப்போது "மருத்துவக் காரணத்தால் பொருந்தவில்லை" என்று மட்டும் வெளியே சொல்லிவிட்டு நகர்வது எங்கள் தொழிலில் வழக்கம். அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை.

ஆறாம் படி: கொடையாளரின் உடலிலும் வைரஸைத் தேடுவது

குடும்பங்கள் எதிர்பாராத இடம் இது. ஒரே குழாய்த் தண்ணீரைக் குடித்த வீட்டில் தம்பிக்கு ஹெபடைடிஸ் ஏ என்றால், கொடுக்க முன்வரும் அண்ணனுக்கும் அது உள்ளே முளைத்துக்கொண்டிருக்கலாம். ஏ வைரஸ் உடம்பில் நுழைந்து 15 முதல் 50 நாட்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் வெளிப்படும். ஒருமுறை, எல்லா ஸ்கேனும் பொருந்தி, அறுவைக்கு முந்தைய மாலையில் அண்ணனின் என்சைம்கள் லேசாக ஏறியிருந்தன. புதிய தொற்றைக் காட்டும் ஐ.ஜி.எம். பரிசோதனை பாசிட்டிவ். அவருக்குக் கத்தி வைத்திருந்தால் ஒரே வீட்டில் இரண்டு கல்லீரல் போயிருக்கும். அக்கா கொடுத்தார்.

டெங்குவும் அப்படித்தான், கொசு கடித்து 4 முதல் 10 நாட்களில் காய்ச்சல் வரும். மழைக்காலத்தில் கொடையாளருக்கு "ஒரு நாள் காய்ச்சல்தான், விட்டுவிட்டது" என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இறந்தவரின் உறுப்பிலும் வைரஸ் இருக்கலாம் என்று ஒப்புதல் வாங்கும்போது சொல்வார்கள். சி வைரஸ் உள்ளவரின் உறுப்பை, அது இல்லாதவருக்கு வைத்து, மாத்திரையால் வைரஸைத் துடைத்தெடுப்பது உலகில் நடக்கிறது. பி வைரஸ் எப்போதோ வந்துபோன தடம் மட்டும் இருக்கும் கல்லீரலையும் மாத்திரைப் பாதுகாப்போடு பயன்படுத்துகிறார்கள். சமரசமே இல்லாத இடம் ரேபிஸ். 2004-இல் டெக்சாசில் ஒரே கொடையாளரிடமிருந்து உறுப்பும் திசுவும் பெற்ற நான்கு பேர் ரேபிஸால் இறந்தார்கள். காரணம் தெரியாத மூளைக்காய்ச்சலில் இறந்தவரின் உறுப்பை எடுப்பதில்லை என்ற கட்டுப்பாட்டுக்குப் பின்னால் இப்படிப்பட்ட மரணங்கள் இருக்கின்றன. தெருநாய் நிறைந்த ஊரில், நாய்க்கடியைப் பற்றிக் கொடையாளரின் குடும்பத்திடம் கேட்பது எங்களுக்கு மரியாதைக்குறைவான கேள்வி அல்ல.

ஏழாம் படி: பணம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை உண்டு. உறுப்பு மாற்றுக்குக் கூடுதல் உதவியும் உண்டு. அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றிதழோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒருவரை அன்றே அனுப்புங்கள். மருத்துவமனை தரும் மதிப்பீட்டில் பி வைரஸ் இம்யூனோகுளோபுலினும், பிளாஸ்மா மாற்றும், முதல் ஆண்டு மாத்திரைச் செலவும் சேர்ந்திருக்கின்றனவா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அறுவைக்குக் கடன் வாங்கி, மாத்திரைக்குக் காசில்லாமல் நிற்பதைப் பார்க்கச் சகிக்காது.

எட்டாம் படி: அறுவைக்குப் பிறகு, எதிர்ப்பாற்றல் என்ற தராசு

புதிய உறுப்பை உடம்பு நிராகரிக்காமலிருக்க எதிர்ப்பாற்றலைக் குறைக்க வேண்டும். குறைத்தால் வைரஸ் தலை தூக்கும். தொற்றோடு மாற்று செய்துகொண்டவர்களுக்கு இந்தத் தராசை முதல் மூன்று மாதம் தினமும் சரிபார்க்கிறார்கள். கடுமையான தொடக்க மருந்துகளைத் தவிர்ப்பது, ஸ்டீராய்டை விரைவாகக் குறைப்பது, நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை முடிந்தவரை கீழே வைப்பது எல்லாம் இதற்காகத்தான்.

புதிதாக வருவதோடு, பழையதும் எழும்பும். சைட்டோமெகலோ வைரஸ் நம் நாட்டில் பெரியவர்களில் பெரும்பாலோரின் உடலில் சிறுவயதிலிருந்தே தூங்கிக்கொண்டிருப்பது. தடுப்பாக வால்கான்சைக்ளோவிர் தருகிறார்கள், சிலருக்கு ஆறு மாதம்வரை. அந்த மாத்திரையை நிறுத்திய அடுத்த சில வாரங்களில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வெள்ளை அணுக் குறைவு வந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இனி, மருந்து மோதல். கொரோனாவுக்குத் தரப்படும் நிர்மாட்ரெல்விர் மாத்திரையோடு ரிட்டோனாவிர் சேர்ந்தே வரும். அது டாக்ரோலிமஸ் உடைவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவைப் பல மடங்கு ஏற்றி, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். மாற்று செய்துகொண்டவர் தெருமுனை மருத்துவர் எழுதிய சீட்டில் வாங்கிச் சாப்பிடக் கூடாத மருந்து. பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல், பாக்டீரியாவுக்கான கிளாரித்ரோமைசின் இவையும் அளவை ஏற்றும்; காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறாக அளவைக் கவிழ்த்து, உறுப்பு நிராகரிக்கப்படும் நிலைக்குக் கொண்டுபோகும். பம்பளிமாஸ் பழம்கூட இந்தப் பட்டியலில் உண்டு. நிலவேம்புக் குடிநீரோ வேறு மூலிகையோ, பக்கத்து வீட்டு அன்பில் வருவது எதுவானாலும் முதலில் மாற்று மையத்தைக் கேட்டுவிட்டு.

வீட்டில் இருப்பவர்களுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்: ஹெபடைடிஸ் பி, ஆண்டுதோறும் இன்ஃப்ளுயென்சா, இன்னும் எதிர்ப்பாற்றல் வராதவர்களுக்கு ஹெபடைடிஸ் ஏ. மாற்று செய்துகொண்டவருக்குத் தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் கூடாது. தண்ணீர் கொதித்தது. கேன் தண்ணீரும் கொதித்த பிறகே. லாரித் தண்ணீர் ஊற்றும் தரைத்தொட்டியை மூடிவைத்து மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது என்பதால் கொசுவலை மதியத் தூக்கத்துக்கும்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டால், இரவு இரண்டு மணியானாலும் மாற்று மையத்துக்குத் தொலைபேசி. சைதாப்பேட்டைக்காரர் ஒருவர், பி வைரஸோடு மாற்று செய்துகொண்டவர், தன் மாத்திரைப் பெட்டியின் மூடியில் அந்த எண்ணை மார்க்கரில் எழுதி, கீழே மனைவியின் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறார், எதுவும் கொடுக்கும் முன் இவர்களைக் கேட்கவும்." போன கார்த்திகை மழையில் மயங்கி விழுந்தவரைத் தூக்கிப்போன ஆட்டோ ஓட்டுநர், அந்த மூடியைப் பார்த்துத்தான் எங்களை அழைத்தார். டெங்கு. எட்டாம் நாள் வீட்டுக்குப் போனார்.